தொட்டியில் தெரியும் காசநோய்: மாட்டு டிபியும் அதைக் கையில் தொடுகிறவரும்

காசநோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனிதர்களின் இருமல், சளிப் பரிசோதனை, ஆறு மாத மாத்திரை. மாட்டுக்கும் காசநோய் வரும், மாட்டிடமிருந்து மனிதருக்கும் அது வரலாம் என்று செய்தியில் படித்தால் உடனே இரண்டு கேள்விகள் கிளம்பும். பால் குடிக்கலாமா? கறி சாப்பிடலாமா? இரண்டுக்கும் பதில் எளிது, கீழே வருகிறது. அதிகம் பேர் கேட்காத மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம். அந்த மாட்டின் நெஞ்சைப் பிளந்து நுரையீரலைக் கையால் இழுத்து எடுக்கிறவருக்கு என்ன ஆகிறது? அவர் கண்ணில் பட்டது அப்புறம் எங்கே போகிறது?

சென்னையில் இறைச்சிக்கூடத்தைத் 'தொட்டி' என்று சொன்னால்தான் பலருக்கு விளங்கும். ஆடுதொட்டி, மாட்டுத்தொட்டி. மாநகராட்சி நடத்தும் கூடங்கள் பெரம்பூர் (இருப்பது புளியந்தோப்பில்), வில்லிவாக்கம், சைதாப்பேட்டை, கள்ளிக்குப்பம் ஆகிய இடங்களில் உள்ளன. வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். கறி கடைக்குப் போகும் நேரத்தில் நகரத்தில் பாதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

எந்தக் கிருமி?

மனிதக் காசநோயை உண்டாக்கும் கிருமி மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். 1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தது இதைத்தான். அதற்கு நெருங்கிய பங்காளிகள் சில உண்டு. மாட்டைப் பிடிப்பதில் பேர்போனது மைக்கோபாக்டீரியம் போவிஸ். இது மனிதக் கிருமியிலிருந்து வேறானது என்று 1898இல் அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித் காட்டினார்.

இங்கே ஒரு சறுக்கல் நடந்தது. 1901இல் லண்டன் மாநாட்டில் காக், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று அறிவித்தார். சொன்னது காக் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை அதிகம். பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் பத்து ஆண்டுகள் சோதனை செய்து, அவர் சொன்னது தவறு என்று நிறுவியது. பாலைச் சூடாக்கி விற்கும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றியதில் இந்த விவாதத்துக்குப் பங்கு உண்டு.

நம்மில் பெரும்பாலோருக்கு மேற்கையில் இருக்கும் பிசிஜி தழும்பும் மாட்டுக் கிருமி போட்டதுதான். பிரான்சில் கால்மெட், கேரன் என்ற இருவர் போவிஸ் கிருமியைப் 13 ஆண்டுகள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்க வைத்தார்கள். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்க 1948இல் ஆய்வகம் தொடங்கிய இடம் நம் கிண்டி.

இந்தியாவில் இப்போது பேசப்படும் இன்னொரு பெயர் மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ். ஆரிக்ஸ் என்ற மான் போன்ற விலங்கில் முதலில் அறியப்பட்டதால் அந்தப் பெயர். சென்னைப் பகுதி மாட்டிலிருந்தும் மான்களிலிருந்தும் இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த 940 கிருமி மாதிரிகளை மரபணு முறையில் பார்த்தார்கள். நோய் உண்டாக்கும் போவிஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஓரிஜிஸ் 7 கிடைத்தது.

இதை இரண்டு விதமாகவும் தவறாகப் படிக்கலாம். 'நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அப்புறம் என்ன கவலை' என்பது ஒன்று. ஆனால் அவை மருத்துவமனைக்கு வந்த எல்லா வகை நோயாளிகளின் மாதிரிகள், மாட்டோடு வேலை செய்பவர்களுடையவை மட்டும் அல்ல. 'போவிஸ் இல்லை, ஆகவே மாட்டிலிருந்து வரவில்லை' என்பது இன்னொன்று. நம் ஊர் மாட்டில் ஓரிஜிஸும் இருக்கும்போது போவிஸை மட்டும் தேடினால் விடை தப்பாகத்தான் வரும்.

உலக அளவில், 2019இல் சுமார் 1,40,000 பேருக்கு விலங்குவழிக் காசநோய் புதிதாக வந்ததாகவும் அதில் சுமார் 11,400 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய மாடுகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்த 2018 கட்டுரை, மாடு, எருமைகளில் 7.3 சதவீதத்துக்கு இந்த நோய் இருக்கலாம் என்றது. தலைக்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2 கோடியே 18 லட்சம்.

வெட்டும் இடத்தில்தான் ஏன் தெரிகிறது?

இந்த நோய் மெதுவாக நகரும். மாடு வருஷக்கணக்கில் தீனி தின்னும், பால் கறக்கும், வண்டி இழுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இளைப்பு, விட்டு விட்டு இருமல், மூச்சு வாங்குதல் எல்லாம் முற்றிய பிறகுதான். உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்கத் தோல் பரிசோதனை உண்டு. கழுத்திலோ வால் அடியிலோ டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். இதற்காகக் கால்நடை மருத்துவர் ஒரே மாட்டைத் தேடி இரண்டு முறை வர வேண்டும். சாதாரணமாக வீட்டு மாட்டுக்கு யாரும் செய்வதில்லை.

ஆகவே நம் ஊரில் பெரும்பாலான மாடுகளுக்கு ஆயுளில் நடக்கும் ஒரே காசநோய்ச் சோதனை, செத்த பிறகு தொட்டியில் கத்தி போடும் சோதனைதான்.

இதில் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெட்ட அனுமதிச் சான்று வேண்டுமென்றால் மாட்டுக்குப் பத்து வயது கடந்திருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும். காயம், ஊனம், தீராத நோய் என்றால் விலக்கு உண்டு. சட்டத்தின் நோக்கம் வேறு. ஆனால் கூடத்துக்கு வருவது வயதான, ஓய்ந்த மாடு என்றாகிவிடுகிறது. மெதுவாக முற்றும் நோய் அதிகம் சேர்ந்திருப்பதும் அந்த வயதில்தான்.

கத்தி போடும்போது என்ன தெரியும்?

1. நெறிகட்டிகள். தொண்டைக்குப் பின்னால், தாடைக்கு அடியில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், குடலைத் தாங்கும் சவ்வில் நிணநீர் முடிச்சுகள் இருக்கும். நோய் முதலில் தங்குவது இங்கேதான். வீங்கியிருக்கும். வெட்டினால் உள்ளே மஞ்சளாக, உதிர்ந்த பாலாடைக்கட்டி போல இருக்கும்.

2. கத்தியில் படும் மணல். பழைய கட்டியில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடும். அதை வெட்டும்போது மணலை அறுப்பதுபோல நறநறவென்று சத்தம் கேட்கும். அனுபவமுள்ளவர்களுக்குக் கண்ணைவிடக் கைதான் இதை முதலில் சொல்லும்.

3. முத்து. நெஞ்சுக்கூட்டின் உள்சவ்விலும் வயிற்றுச் சவ்விலும் கொத்துக் கொத்தாகச் சின்ன உருண்டைகள். ஜெர்மன்காரர்கள் இதற்கு 'முத்து நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

4. உடம்பு முழுக்கப் பரவியது. நுரையீரல், ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), சிறுநீரகம் என்று எங்கும் தினை அளவுப் புள்ளிகள். இப்படி இருந்தால் முழு உடலையும் ஒதுக்க வேண்டும் என்பது இறைச்சிப் பரிசோதனையின் பொது விதி. ஓர் இடத்தில் மட்டும் அடங்கியிருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கினால் போதும்.

ஆனால் கட்டி இருந்தாலே காசநோய் என்று முடிவு கட்ட முடியாது. நாடாப்புழுவின் நீர்க்கட்டி, சாதாரணச் சீழ்க்கட்டி, பூஞ்சை, பழைய நிமோனியா எல்லாமே நுரையீரலில் கட்டியாகத்தான் தெரியும். உறுதி செய்ய மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: தொண்டைக்குப் பின்னால் ஒரே ஒரு முடிச்சில் மட்டும் நோய் இருந்தால், தலையை அப்படியே கழற்றித் தள்ளும் வேகத்தில் அது யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

வேகம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. அதாவது ஒன்றுக்கு 5 நிமிடம். அதுவும் வெட்டுவதற்கு முன் உயிரோடு நிற்கும்போது செய்கிற பரிசோதனை. அந்த 5 நிமிடத்தில் இந்த நோய் பிடிபட வாய்ப்பு குறைவு என்பதை மேலே பார்த்தோம். உள்ளே கிடக்கும் கட்டியை முதலில் தொடுவது மருத்துவரின் கை அல்ல, தோல் உரித்துக் குடல் எடுப்பவரின் கை.

தொழிலாளிக்கு எப்படித் தொற்றும்?

1. மூச்சு வழி. இதுதான் முக்கியமானது. கட்டி விழுந்த நுரையீரலை வெட்டும்போதும், எலும்பை ரம்பத்தால் அறுக்கும்போதும், எல்லாவற்றுக்கும் மேல் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவும்போதும், நுண்ணிய நீர்த்திவலைகள் காற்றில் மிதக்கும். காற்றோட்டமில்லாத கூடத்தில் அவை நெடுநேரம் நிற்கும். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து அடிக்கிற தண்ணீரே கிருமியைக் காற்றில் ஏற்றிவிடுகிறது.

2. தோல் வழி. கத்தி வேலையில் கை கீறாத நாள் கிடையாது. அந்தக் கீறலில் கிருமி புகுந்தால் விரலிலோ புறங்கையிலோ மரு போலத் தடித்து வளரும், வலிக்காது, ஆறாது. வெளிநாட்டு மருத்துவ நூல்கள் இதைப் 'பிணம் அறுப்பவர் மரு' என்றே குறிப்பிடும். காய்ப்பு என்றோ பழைய காயம் என்றோ விட்டுவிடுவது எளிது.

3. வாய் வழி. கழுவாத கையோடு பீடி, வெற்றிலை, டீ. இதற்கு விளக்கம் வேண்டாம்.

மனிதரிடமிருந்து மாட்டுக்குப் போவதும் உண்டு. இருமும் ஆள் தொழுவத்தில் வேலை பார்த்தால் மனிதக் கிருமி மாட்டைப் பிடிக்கும். இந்தியாவில் மாடுகளிடமிருந்து மனிதக் கிருமியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே மாட்டின் மீதே பழி போட வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு இருமல் வந்து மருத்துவமனைக்குப் போனால் என்ன நடக்கும்? சளியை ஜீன் எக்ஸ்பர்ட் கருவியில் போடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்று சொல்லிவிடும். ஆனால் அது மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று அந்தக் கருவி பிரித்துச் சொல்லாது, எல்லாம் ஒரே குடும்பக் கணக்கில் வந்துவிடும். அது போவிஸாக இருந்தால், முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரஸினமைடு அதனிடம் பலிக்காது. மற்ற மூன்றும் சேர்ந்து குணப்படுத்திவிடலாம். ஆனால் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்ற கேள்வியைக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, மாதிரியை வளர்க்க அனுப்பினால்தான் இந்த வித்தியாசம் தெரியவரும்.

சரி, பாலும் கறியும்?

பாலைக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கினாலே கிருமி செத்துவிடும். பாக்கெட் பால் அப்படித்தான் வருகிறது. பொங்கக் காய்ச்சும் நம் வீட்டு வழக்கம் அதற்கும் மேலே. ஆபத்து பச்சைப் பாலில்தான். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்குக் கழுத்தில் மாலைபோல நெறி கட்டும் கண்டமாலைக்கு, பல நாடுகளில் பச்சைப் பால் ஒரு காரணமாக இருந்தது.

கறியில் ஆபத்து அதைவிடக் குறைவு. தசையில் இந்தக் கிருமி அபூர்வமாகத்தான் இருக்கும், நன்றாக வெந்தால் அதுவும் போய்விடும். இந்த விஷயத்தை மாட்டுக்கறி சாப்பிடுபவர்களைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் சாப்பிடுபவர்களுக்கு இதை அதிகம் கொண்டுவந்த பொருள் பால்தான், கறி அல்ல.

'விழிப்புணர்வு இல்லை' என்பது பாதிக் கதை

இது பற்றிய கட்டுரைகள் வழக்கமாக முடியும் இடம் ஒன்று இருக்கிறது: தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு இல்லை, முகாம் நடத்த வேண்டும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டிபி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். கையில் இருக்கும் கட்டியும் அந்தச் சொல்லும் ஒன்றுதான் என்பதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதற்கு நைஜீரியாவில் ஓர் உதாரணம் உண்டு.

அங்கே யொரூபா மொழியில் கட்டி விழுந்த மாட்டு நுரையீரலுக்குத் தனிப் பெயரே இருக்கிறது: 'ஃபுக்கு எலெகுசி'. எகுசி என்பது அவர்கள் குழம்பில் போடும் ஒருவகை முலாம்பழ விதை. நுரையீரலில் விதை விதையாகத் தெரிவதால் அந்தப் பெயர். பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் தினமும் பார்க்கிறார்கள் என்று பொருள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு அங்குள்ள இறைச்சித் தொழிலாளர்களிடம் பேசியபோது, அந்த நுரையீரலை வாடிக்கையாளர் எதிரில் தின்று காட்டுகிறவர்களும் இருப்பது தெரிந்தது. காரணம்: பாருங்கள், நானே தின்கிறேன், வாங்குங்கள். அவர்களுக்குக் கட்டி தெரியாமல் இல்லை. கறி விற்காவிட்டால் அன்றைக்குச் சோறு இல்லை.

எந்தத் தொட்டிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாடு வியாபாரி காசு கொடுத்து வாங்கியது. வெட்டுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. அவர் மருத்துவரைக் கூப்பிட்டு 'ஐயா, இதில் கட்டி இருக்கிறது' என்று காட்டினால், மோசமான நிலையில் முழு உடலும் ஒதுக்கப்படும். நஷ்டம் வியாபாரிக்கு. அடுத்த நாள் அந்த வியாபாரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். காட்டாமல் கட்டியை மட்டும் அறுத்துத் தள்ளிவிட்டால் நஷ்டம் ஒரு துண்டு நுரையீரலோடு போச்சு. ஒதுக்கும் உடலுக்கு யாரும் ஈடு கொடுக்காத வரை, பார்த்ததைச் சொல்கிறவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். இந்த நிலையில் சுவரொட்டி ஒட்டியும் துண்டறிக்கை கொடுத்தும் பெரிதாக எதுவும் மாறாது என்பது என் எண்ணம்.

மாட்டுக் காசநோயை ஏறக்குறைய ஒழித்த நாடுகள் இதைப் புரிந்துகொண்டுதான் இறங்கின. அமெரிக்கா 1917இல் தேசிய அளவில் தொடங்கியபோது, நோயுள்ள மாட்டைக் கொன்றால் உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தது. நோய் குறைந்த பிறகு, இறைச்சிக்கூடத்தில் கட்டி கிடைத்தால் அந்த மாடு வந்த பண்ணையைத் தேடிப் போய் மற்ற மாடுகளைச் சோதித்தார்கள். நம் நாட்டில் சோதித்துக் கொல்வது சட்டப்படியும் மனப்படியும் நடக்காத காரியம். ஆனால் தொட்டியிலிருந்து ஊருக்குத் தகவல் திரும்பிப் போவதற்கு எதையும் கொல்ல வேண்டியதில்லை.

விதிகள் யாரைப் பார்க்கின்றன?

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மாட்டுக் காசநோய் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள், வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் பரிசோதனை வேண்டும் என்கின்றன, தொழிலாளிக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் கேட்கின்றன. ஆனால் இந்தக் கடைசி விதி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். தொழிலாளியிடமிருந்து கறிக்கு நோய் போகக் கூடாது என்பது அதன் அக்கறை. கறியிலிருந்து தொழிலாளிக்கு வரக் கூடாது என்பது அல்ல.

அந்தப் பக்கம் பார்க்கும் சட்டமும் ஒன்று உண்டு, பழையது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் அட்டவணையில், விலங்குகளையும் விலங்கு உடல்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய் 'தொழில்சார் நோய்' என்று இடம்பெற்றிருந்தது (2025இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்தது). ஆனால் இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டுமே. தலைக்குக் கூலி வாங்குகிறவருக்கு முதலாளி யார் என்பதே கேள்வி. அதோடு, வந்தது மாட்டுக் கிருமிதான் என்று காட்டும் பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும்.

கையாளும்போது

செலவில்லாதவற்றிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. கட்டி தெரிந்தால் அதை மேலும் அறுத்துப் பார்க்க வேண்டாம், பிழிய வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் காட்டலாம். கட்டியைக் கீறுவது பயிற்சி உள்ளவர் வேலை.

2. நுரையீரல் கிடந்த இடத்தில் தண்ணீரைப் பீச்சி அடிக்காமல், மெதுவாக ஊற்றிக் கழுவலாம்.

3. ஒதுக்கியதை நாய்க்கும் பூனைக்கும் போடக் கூடாது, அவற்றுக்கும் இந்த நோய் வரும். எரிக்க வேண்டும், அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும்.

4. கட்டியில் பட்ட கத்தியை அடுத்த மாட்டில் போடும் முன் 82 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். இந்தக் கிருமிக்கு மெழுகு போன்ற மேலுறை உண்டு. பல சாதாரணக் கிருமிநாசினிகளைத் தாங்கிவிடும், வெந்நீரைத் தாங்காது. வெந்நீர்த் தொட்டி வைத்துத் தருவது கூடத்தை நடத்துகிறவர் வேலை, தொழிலாளியின் வேலை அல்ல.

5. கையுறை, என்95 முகக்கவசம். ஈரத்திலும் புழுக்கத்திலும் அந்தக் கவசம் ஒரு மணி நேரம் தாங்குமா என்று கேட்பது நியாயம்தான். அதனால் குடலும் நுரையீரலும் எடுக்கும் இடத்தில் நிற்பவருக்காவது போதுமான எண்ணிக்கையில் கொடுத்து மாற்றவிட வேண்டும்.

6. இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டி, கையில் ஆறாத மரு, இதில் எது வந்தாலும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். புளியந்தோப்புக்காரர்களுக்கு ஓட்டேரியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையே அருகில் இருக்கிறது. போனவுடன் 'தொட்டியில் வேலை' என்று சொல்ல வேண்டும்.

சில கிலோமீட்டரும் ஒரு காதுத் தோடும்

புளியந்தோப்பிலிருந்து சேத்துப்பட்டு எவ்வளவு தூரம்? அங்கே இருப்பது 1956இல் தொடங்கிய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது இந்த ஊர். இன்னொரு பக்கம் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம். கிருமியைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். கட்டி விழுந்த முடிச்சில் ஒரு துண்டு, ஒரு டப்பா, ஒரு சீட்டு, போய்ச்சேர ஓர் ஆள். தேவைப்படுவது இவ்வளவுதான்.

அந்தச் சீட்டில் எழுத வேண்டியதும் மாட்டிலேயே தொங்குகிறது. கால்நடைத் துறை மாட்டின் காதில் மாட்டும் மஞ்சள் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். எந்த ஊர், யார் வீடு என்று அந்த எண்ணை வைத்துத் தேடலாம். அந்த வீட்டில் மிச்சமிருக்கும் மாடுகளையும், இருமுகிற ஆள் யாராவது இருந்தால் அவரையும் சோதிக்கலாம். மாட்டைத் தொட்டியில் இறக்கும்போதே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தலையைக் கழற்றினால் காது தலையோடு போய்விடும், தோடு காதோடு போய்விடும்.